பதினேழாம் இலக்கப் பை

நான் ரொறன்ரோவுக்கு வந்தது ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்பதற்கு. ஆனால் வந்திறங்கிய மூன்றாம் நாள் விடியற்காலை, அக்காவின் கணவர், என் அத்தானின் ஜாக்கெட்டுக்குள் பாதி தொலைந்துபோய், பஸ் தரிப்பிடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது குருவி பிடிப்பதற்கு. இரண்டில் எதற்காக விசா எடுத்தாய் என்று அக்கா கேட்டாள். படிவத்தில் ஞானஸ்நானம் என்றுதான் எழுதியிருந்தேன். பொய்யில்லை, பாதி உண்மை.

மன்னாரில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் பறவைகளுக்கு வளையம் போடும் வேலையும் செய்கிறேன். பறவையைப் பிடித்து, இலக்கம் பொறித்த மெல்லிய உலோக வளையம் ஒன்றைக் காலில் மாட்டி, அளந்து, நிறுத்து, விட்டுவிடுவோம். அதே பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டால் அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரியவரும். என் கை பழகியதெல்லாம் உப்பளத்துக் கரைப்பறவைகளில். பற்றைகளுக்குள் வந்திறங்கும் சின்னக் குருவிகளுக்கு என் பொறுப்பில் வலை கட்ட வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு, சின்னக் குருவிகளை இவரை நம்பிக் கொடுக்கலாம் என்று அனுபவமுள்ள ஒருவர் கடிதம் தர வேண்டும்.

அந்த ஒருவர்தான் ஹெலன். ஒன்ராறியோ ஏரிக்கரையில் சின்னதாக ஒரு வளைய நிலையம் நடத்துகிறார். ஒரு வருடமாக மின்னஞ்சலில் பழக்கம். 'இங்கே வருகிறீர்கள் என்றால் நான்கு நாள் என்னோடு வேலை செய்யுங்கள். உங்கள் கையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்' என்று சொல்லியிருந்தார். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிறு பகல் ஒரு மணிக்குத்தான் ஞானஸ்நானம்.

அக்காவுக்கு இதில் கோபம் வர நியாயம் இருந்தது. அவளுடைய மகள் ஷரோனின் கலியாணத்துக்கு வர நான் இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் விசா மறுத்துவிட்டார்கள். கலியாணத்தை ஃபோனில் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரம் மன்னாரில் கரண்ட் போய்விட்டது. இப்போது ஷரோனுக்கு ஆண் குழந்தை.

"இந்த முறையாவது நேரத்துக்கு வந்து பக்கத்திலை நில். அதுக்குப் பிறகு காகத்தைப் பிடி, கழுகைப் பிடி, நான் கேக்கமாட்டன்" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை பஸ்ஸிலேயே பிழை விட்டேன். நகரத்தின் ஓரத்தில், ரூஜ் என்கிற பகுதியில், அக்கா வீட்டுக்கு முன்னால் ஏறி, இருபது நிமிடம் நிம்மதியாக யன்னலால் பார்த்துக்கொண்டு போனேன். வீடுகள் குறைந்து வயல்கள் வரத் தொடங்கியதும் சாரதியிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார்.

"அக்கா, நீங்கள் மற்றப் பக்கத்துப் பஸ்ஸிலை ஏறியிருக்கோணும். விடியக்காலமை எங்கை போறியள்?"

"ஏரிக்கரைக்கு. குருவி பிடிக்க."

அவர் என் ஜாக்கெட்டை மேலும் கீழும் பார்த்தார். "கடையிலை கோழி விக்கிறாங்கள் அக்கா" என்றார் பிறகு, மிகவும் இரக்கமாக. எதிர்ப்பக்கம் போகும் பஸ் வரும்வரை என்னைக் குளிரில் இறக்கவும் இல்லை.

ஹெலனின் நிலையம் இருக்கிற, ஏரிக்குள் நீண்டு கிடக்கும் அந்த நிலம் இயற்கையானதல்ல. நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லையும் கொங்கிறீற்றையும் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி உண்டாக்கியது. அதன்மேல் தானாகவே மரம் முளைத்து, பறவை வந்து, நரி வந்து, கடைசியில் மனிதர் பார்க்க வருகிறார்கள். கரையோரம் அலையில் உருண்டு வழவழப்பான செங்கல்கள் கிடந்தன. நீலப் பூப் போட்ட குளியலறை ஓடு ஒன்றும் கண்டேன். யாரோ ஒருவர் அதைக் கடையில் நின்று ஆசையாகத் தெரிவு செய்திருப்பார்.

ஹெலனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சிறிய உருவம், பெரிய குரல். கைகுலுக்கியவுடன் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பார்த்தது அவருடைய ஜாக்கெட்டை. அதில் இருந்த பொக்கற் எல்லாம், வெளியே இரண்டும் நெஞ்சில் ஒன்றும், தடித்த நீல நூலால் தைத்து மூடப்பட்டிருந்தன. அந்தக் குளிரில் பொக்கற்றுக்குள் கை வைக்க முடியாமல் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்க வாய் வந்தது. முதல் நாளே ஒருவருடைய உடுப்பைப் பற்றிக் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

வேலை மன்னார் வேலைதான், ஆனால் எல்லாம் சின்னது. பற்றைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகள். அரை மணிக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். அகப்பட்ட குருவியை வலையிலிருந்து எடுத்துத் துணிப்பையில் போட்டு, குடிலுக்குள் கொண்டுவந்து கொக்கியில் தொங்கவிட வேண்டும். பைகளில் ஒன்று முதல் நாற்பது வரை இலக்கம் தைத்திருந்தது. வளையம் போட்டுக் குருவியை விட்டதும் பையை உட்பக்கம் வெளியே வரப் புரட்டி அதே இலக்கக் கொக்கியில் மாட்ட வேண்டும். வலை மூடும்போது நாற்பதையும் எண்ணுவார் ஹெலன். விருந்துக்கு ரோல்ஸ் எண்ணுகிற என் அக்காவே தோற்றுப்போவாள்.

எங்கள் ஊரில் பை இல்லை. கரைப்பறவைகளைத் துணி மூடிய பெட்டியில்தான் வைப்போம். அது உள்ளே இருந்து தட்டும், கத்தும், காலால் உதைக்கும். பெட்டிக்குள் பறவை இருப்பதை மறக்க நினைத்தாலும் அது விடாது.

அன்று முதன்முதலாக ஒரு கிங்லெட்டைக் கையில் பிடித்தேன். தலையில் மஞ்சள் கீற்றுள்ள குருவி. ஒரு தேக்கரண்டிச் சீனியை விடக் கொஞ்சம் கூடுதலான நிறை, அவ்வளவுதான். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து வர, உள்ளங்கையில் முதுகு படிய, இறுக்காமல் பிடிக்க வேண்டும். கையில் ஏதோ இருக்கிறது என்பதே அதன் நெஞ்சு அடிப்பதால்தான் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெலன் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

"குளிர் கூடிய நாளில் இவற்றின் பையை உங்கள் உடம்போடு அணைத்துக் கொண்டுவாருங்கள். கையில். வேறெங்கும் இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். ஹெலன் கொண்டுவந்தது பாணுக்கு நடுவே வெள்ளரிக்காய், வேறொன்றுமில்லை. நான் அக்காவின் இறால் சம்பலைப் பாணோடு கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "நாளைக்கும் இது இருக்குமா?" என்று கேட்டார். அக்காவிடம் சொன்னேன். குருவிக்கார ஹெலன் மேல் அவளுக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது, ஒரு போத்தல் சம்பல் தனியாகக் கட்டிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் வளவுக்குள் இரண்டு மான்கள் வந்து, கடைசியாக மிஞ்சியிருந்த கத்தரிச் செடியைத் தின்றன. பக்கத்து வீட்டார் படம் எடுத்தார்கள். அக்கா முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடினாள். மன்னாரில் இதே வேலையைக் கழுதைகள் செய்யும், யாரும் படம் எடுப்பதில்லை.

அன்றிரவு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தபோது ஷரோன் குழந்தையோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை, கதைத்தால் பாதி ஆங்கிலம்.

"சின்னம்மா, நாளைக்குப் போகத்தான் வேணுமா? சேர்ச் ஷார்ப் ஒரு மணிக்கு. என்ர வெடிங்குக்கும் நீங்க இல்லை. ப்ளீஸ்."

"பன்னிரண்டுக்கு முதல் வீட்டை நிப்பன். சத்தியமா."

ஞாயிறு காலை புல்லெல்லாம் வெண்மையாக உறைந்திருந்தது. பதினொரு மணிச் சுற்றுத்தான் எனக்குக் கடைசி. கடைசி வலையில் ஒரு கிங்லெட். நல்லபடியாக எடுத்து, பதினேழாம் இலக்கப் பையில் போட்டு, ஹெலன் சொன்னபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதே வலையின் மறு மூலையில் பெரிய குருவி ஒன்று காலில் வலையைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. அதை எடுக்க இரண்டு கையும் வேண்டும். பையை அத்தானின் ஜாக்கெட் உட்பொக்கற்றுக்குள் வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு என்றுதான் வைத்தேன்.

பெரிய குருவியின் காலை விடுவிக்கப் பத்து நிமிடம் போனது. அதை ஓட்டமாகக் குடிலுக்குக் கொண்டுவந்து, வளையம் போட்டு, எழுதி, விட்டேன். அந்த நேரம் அத்தானின் ஃபோன்.

"ஜெனி, நான் கேற்றடியிலை நிக்கிறன். அக்கா மூண்டு தரம் ஃபோன் அடிச்சிட்டா. நீர் ஓடி வாரும்."

"போங்கள், நான் மூடிக்கொள்கிறேன்" என்றார் ஹெலன். ஓடினேன்.

அத்தானுக்கு மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. நான் போட்டிருந்தது அந்த வேலைக்குக் கொடுத்த ஜாக்கெட். ஒளிரும் பட்டி வைத்தது, எட்டுப் பொக்கற். வீட்டில் நான் பட்டுச் சேலை மாற்றி, மேலே அதையே மாட்டிக்கொண்டு காரில் ஏற, அக்கா படலையில் மறித்தாள். "ஞானத்தாய் மாதிரி வா. ரோட்டு வேலைக்காரர் மாதிரி வராதை." தன் சால்வையைத் தந்தாள். ஜாக்கெட்டைச் சுருட்டிப் பின் இருக்கையில் போட்டேன்.

ஸ்காபறோவில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோவில் அது. அன்றைக்கு ஐந்து குழந்தைகள், எங்களுடையது கடைசி. சுவாமியார் முதலில் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் சேர்த்து எழுப்பிக் கேட்டார்: பசாசை விட்டுவிடுகிறீர்களா, அதன் கிரியைகளை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா, அதன் மாயங்களை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா. மூன்று முறையும் "விட்டுவிடுகிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். ஷரோன் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முதற்குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பார்த்தேன். ஹெலன் எழுதியிருந்தார்: 'வலை மூடியாயிற்று. பதினேழாம் இலக்கப் பை கொக்கியில் இல்லை. உங்களிடமா?'

ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பை காரில், ஜாக்கெட் உட்பொக்கற்றுக்குள். அவ்வளவு சின்ன உடம்பு குளிர்காலத்தில் விடியல் முதல் மாலைவரை தின்றுகொண்டே இருந்தால்தான் நிலைக்கும். இரண்டு மணித்தியாலம் பட்டினியாக, இருட்டில், சுருட்டிய ஜாக்கெட்டுக்குள் கிடக்கிறது.

முன் வரிசையில் இருந்த அத்தானிடம் குனிந்தேன். "அத்தான், கார்த் திறப்பைத் தாங்கோ."

"இப்பவோ? ஏன்?"

"தாங்கோ."

வெளியே ஓடினேன். வெயில் கண்ணாடியால் விழுந்து காருக்குள் இளஞ்சூடாக இருந்தது. அது மட்டும்தான் அதிர்ஷ்டம். உட்பொக்கற்றிலிருந்து பையை எடுத்தேன். அசைவில்லை. நிறையும் இல்லை. இரண்டு கைக்குள்ளும் பொத்தி வாயருகே கொண்டுபோய் மூச்சை ஊதினேன். செபம் சொன்னேனா, ஊதினேனா, இரண்டும் சேர்ந்ததா தெரியாது.

"உனக்கென்ன விசரே?" அக்கா பின்னால் வந்து நின்றாள். "பிள்ளை உள்ளை இருக்கிறான், நீ இஞ்சை நிண்டு துணியை ஊதிறாய்."

"அக்கா, உள்ளை குருவி. மறந்து கொண்டு வந்திட்டன்."

அவள் என் கையருகே குனிந்தாள். பையைத் திறந்தேன். இறகெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, உருண்டையாக இருந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தேன். காற்று அடித்தது. அக்கா சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றாள். அந்தச் சேலைக்கு அவள் பட்டபாடு எனக்குத் தெரியும்.

"செத்திட்டுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லை. நெஞ்சு அடிக்குது."

கோவில் வாசலில் அத்தான் வந்து நின்று இரண்டு விரலைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு குழந்தைகள். குருவி ஒரு கண்ணைத் திறந்தது. மற்றதைத் திறந்தது. அத்தான் மறுபடி வந்து ஒரு விரலைக் காட்டினார்.

"போடி ராசாத்தி, போ" என்றாள் அக்கா குருவியைப் பார்த்து.

அது போனது. நேராகப் பறக்கவில்லை, பதிந்து பதிந்து பறந்து, வாகனத் தரிப்பிட ஓரத்து ஊசியிலை மரத்துக்குள் விழுந்தது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளை நுனி ஆடியது. குருவி தலைகீழாகத் தொங்கி எதையோ கொத்தித் தின்றது.

"அப்பாடா" என்றாள் அக்கா. பிறகு உடனே, "அந்த மனிசி என்ன கேட்டவ?"

"பை உன்னட்டையோ எண்டு."

"பைதானே கேட்டவ. குருவிக்கு இன்னும் நம்பர் போடேல்லைத்தானே? கொப்பியிலும் எழுதேல்லை. வெறும்பை எண்டு எழுதிவிடு. உன்ரை கடிதம் உதாலை போகக்கூடாது."

அக்கா சொன்னதில் பிழையில்லை. குருவி உயிரோடு மரத்தில் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. குருவி உள்ள பையை மறந்து கொண்டுபோகிற ஆளுக்கு எந்த நாட்டிலும் யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். ஆனால் பசாசின் கிரியைகளை 'விட்டுவிடுகிறேன்' என்று மூன்று முறை சொல்லிக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. சுவாமியார் இன்னும் உள்ளே நிற்கிறார்.

"அக்கா, இப்பத்தான் உள்ளை சொல்லிப்போட்டு வந்தனான்."

அவள் என்னை முறைத்தாள். "அதுவும் சரிதான்" என்றாள்.

படியில் நின்றே எழுதினேன்: 'பை வெறுமையாக இருக்கவில்லை. உள்ளே கிங்லெட். ஜாக்கெட் பொக்கற்றில் வைத்து மறந்துவிட்டேன். இப்போது விட்டேன். பறந்தது, தின்கிறது. மன்னியுங்கள்.' அனுப்பிவிட்டு உள்ளே நடந்தபோது சுவாமியார் எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டார். ஷரோன் குழந்தையை என் கையில் தந்தாள். பழக்கதோஷம், என் விரல் இரண்டும் அவன் கழுத்தின் இரு பக்கமும் போய் நின்றன. அக்கா மெல்லத் தட்டிவிட்டாள். தண்ணீர் பட்டதும் அவன் கோவிலே அதிர அழுதான். அந்தச் சத்தம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மண்டபத்தில் சாப்பாடு, கேக், படம். ஹெலனிடமிருந்து பதில் இல்லை. திங்களும் இல்லை. நான் இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. குருவி பிழைத்ததா என்பது ஒன்று, பன்னிரண்டு வருட வேலை ஒரு பொக்கற்றுக்குள் போய்விட்டதே என்பது மற்றது. செவ்வாய் காலை, அக்கா தோய்த்து அயன் பண்ணிய பதினேழாம் இலக்கப் பையோடு, இந்த முறை சரியான பஸ்ஸில் ஏறிப் போனேன்.

ஹெலன் பையை வாங்கி, முகர்ந்து பார்த்தார். "அயன் பண்ணியிருக்கிறீர்கள்" என்றார்.

"அக்கா."

கொக்கியில் மாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தார். "பல வருடத்துக்கு முன்னால் நான் மிசிசாகாவில் இருந்தேன். ஒரு நாள் மழையில் அவசரமாக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் காலையில் ஜாக்கெட்டைப் போடும்போதுதான் பொக்கற்றுக்குள் பை இருப்பது தெரிந்தது." அந்தக் குருவி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. "அப்போது பைகளுக்கு இலக்கம் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. நானும் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த கிழமை இலக்கம் தைத்தேன்." தன் ஜாக்கெட்டின் மூடிய பொக்கற்றைத் தொட்டுக் காட்டினார். "இதையும்."

மேசையில் ஒரு கடிதம் இருந்தது. என் பெயர் போட்டது. நன்றாக வலையிலிருந்து எடுப்பார், கை மென்மை, என்றெல்லாம் எழுதிவிட்டு, கீழே: 'ஒருமுறை ஒரு குருவியைப் பொக்கற்றில் மறந்தார். கேட்ட உடனே உண்மையைச் சொன்னார். இரண்டையும் தெரிந்துகொண்டே சிபாரிசு செய்கிறேன்.'

நான் அழுதேன். அவர் இழுப்பறையைத் திறந்து ஊசியும் நீல நூலும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வலை திறக்க முதல்" என்றார்.

எட்டுப் பொக்கற்றையும் தைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

நான் ஊருக்கு வெளிக்கிட்ட அன்று அத்தான்தான் விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். பொதிகளை இறக்கிவிட்டு, குளிருக்குக் கையை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் விடப் பார்த்தார். முடியவில்லை. மற்றப் பக்கம் பார்த்தார். அதுவும் முடியவில்லை.

"ஜெனி, இதுக்கு என்ன நடந்தது?"

"பிரிச்சுப் போடாதேங்கோ அத்தான்" என்றேன். "அடுத்த முறை வரேக்கை எனக்கு வேணும்."

மன்னாரில் ஜாக்கெட் தேவையில்லை. வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம், வலை வேலைக்குப் போடுகிற என் இரண்டு சட்டைகளின் பொக்கற்றையும் நீல நூலால் தைத்து மூடினேன்.